பன்னிரண்டாவது குச்சி

அன்று காலை பன்னிரண்டாவது குச்சி உள்ளே போகவில்லை.

ஐஸ் குச்சிதான். சாப்பிட்டுவிட்டுத் தூக்கி எறிவோமே, அதே தட்டையான மெல்லிய மரக்குச்சி. புதுக்கட்டாக வாங்கி, கழுவிக் காயவைத்து, பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டுக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று வாயை முடிந்த மட்டும் திறந்து, அந்தக் கட்டை முன்பற்களுக்கு நடுவே கொடுத்து, இருநூறு எண்ணுகிற வரை அப்படியே நிற்க வேண்டும். நேற்று வரை போனது. கொஞ்சம் அடம்பிடித்தாவது போனது. இன்று பதினொன்றுக்கு மேல் இடமில்லை. இடது கையால் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். காதோரம் கயிறு முறுக்கேறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மயிரிழைகூட இறங்கவில்லை.

"என்னங்க, உள்ளயே குடியேறிட்டீங்களா?" மனைவி கதவைத் தட்டினாள். "எனக்கும் பல்லுன்னு நாலு இருக்கு, தேய்க்கணும்."

"இரு, வர்றேன்" என்றார். பதினோரு குச்சிகளை மறுபடி கட்டி வைத்தார். பன்னிரண்டாவதைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றால்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் கார் நிறுத்த இருந்த நீளமான அறைதான் அவருடைய பட்டறை. பாலிஷ் மோட்டார், பிளாஸ்டர் மூட்டை, மெழுகு உருக்கும் விளக்கு, சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததே கிடையாது. ஆனால் யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், எல்லாம் அத்துப்படி. "இந்த ஊர்ல யாரு யாரைப் பாத்துப் பல்லைக் காட்டினாலும் அதுல எனக்கு ஒரு பங்கு இருக்கு" என்று சொல்லி ஓவென்று சிரிப்பார். வாய் திறந்து சிரித்த காலம் அது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வலது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கன்னத்து எலும்புக்குள் காற்று நிற்கிற ஒரு அறை இருக்கிறதாம், அதற்குள் கட்டி என்றார்கள். பிறகு புற்று என்றார்கள். அண்ணத்தில் வலது பாதியையும் அதற்கு மேலே இருந்ததையும் வெட்டி எடுத்துவிட்டு, முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சைக் கரண்ட் என்றுதான் எல்லாரும் சொல்வது. ஒரு வயரும் தொடாது, ஒரு சூடும் தெரியாது. முகத்துக்கு அளவெடுத்து வலைபோல ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதைப் போட்டு மேசையோடு சேர்த்துக் கிளிப் மாட்டிவிடுவார்கள். கண்ணைத் திறக்க முடியாது, உதட்டை அசைக்க முடியாது. பிறகு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அரை அடி கனத்தில் ஒரு கதவு மெல்ல நகர்ந்து மூடும். முதல் நாள் அந்தக் கதவு மூடியபோது பல்செட்காரர் சின்னப் பிள்ளை மாதிரி பயந்துபோனார். யாராவது துணைக்கு இருங்களேன் என்று மனசுக்குள்ளேயே கெஞ்சினார். மெஷின் சுற்றி வருகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் யோசித்ததும் இல்லை.

நோய் போய்விட்டது. வைத்தியம்தான் போகவில்லை. முதல் வருடம் வாசனை போயிற்று. சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆனது. பிறகு எச்சில் வற்றியது. நாலாம் வருடம் வலது காது அடைத்துப்போய், அதற்குள் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. வலது கண் காய்ந்தது. பற்கள் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தன. பிடுங்கவும் வழியில்லை, கரண்ட் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு செத்துவிடும். சாயங்காலம் வீட்டைச் சாத்துகிறவர் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கடைசியாகத் தாடை. இருபது குச்சியில் ஆரம்பித்து, ஆடி அசைந்து குறைந்து, பன்னிரண்டில் வந்து நின்றிருந்தது.

ஒன்பதுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. காரணம் மூடி. அண்ணத்து ஓட்டையை அடைக்க, மேல்பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழ் வைத்த பல்செட்டைத் தனக்குத் தானே செய்து மாட்டியிருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் மூடி. அது இருந்தால் அவர் பேசுவது பேச்சு, குடிப்பது தண்ணீர். அது இல்லாவிட்டால் குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வரும். பேச்சு வெறும் ஙொய், ஙொய். இருபத்தெட்டு வருடம் கூடக் குடித்தனம் செய்த மனைவிக்கே ஒரு வார்த்தை புரியாது. ஒன்பது குச்சி அளவு வாய் திறந்தால்தான் மூடி உள்ளே போகும். தூர தேசத்தில் இருக்கிற மகள் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மனிதர் குச்சிகளோடு தினமும் மல்லுக்கட்டுவது.

கஞ்சி குடிக்கும்போது மனைவி எதிரே உட்கார்ந்து அவருடைய மோவாயைத் துடைத்துவிட்டாள். வலது கன்னம் மரத்துப்போனதால் வழிவது அவருக்குத் தெரியாது. துடைத்த கை அப்படியே நின்றது.

"என்னங்க, புதுசா ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"இல்லையே. ஏன், ரொம்ப நாறுதா?"

மூக்கிலிருந்து வருகிற நாற்றத்தை மோந்து பார்க்க அவரால் முடியாது, அவளால் முடியும். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. கட்டிலில் மட்டும் ஜன்னல் பக்கம் மாறிப் படுத்துக்கொண்டாள், காற்று நல்லா வருதுங்க என்று சொல்லி. அவருக்கா புரியாது? புரிந்தும் ஒன்றும் கேட்டதில்லை.

"நாத்தமே இல்லைங்க. சுத்தமா போயிடுச்சு." இன்னும் குனிந்து மோந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பச்சைக் குழந்தை வாய்ல ஒரு பால் வாடை வருமே, அப்படி இருக்கு. நம்ம பொண்ணு பொறந்தப்போ இதே வாடைதான்."

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். அவர் என்னவோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று ஏழு மணிக்கு மகள் கூப்பிட்டபோது அவளும் ஒரே உற்சாகம். "அப்பா, மத்தியானம் எவ்ளோ அழகா பேசினீங்க! அப்பா குரல் பழையபடி ஆயிடுச்சுன்னு இவர்கிட்டகூட சொன்னேன்."

"மத்தியானமா? நான் எப்பம்மா பேசினேன்?"

"விளையாடாதீங்கப்பா. குட்டிப்பையனுக்குத் தடுப்பூசி போட்டு ஒரே அழுகைன்னு கூப்பிட்டேனே. நீங்க என்னமோ சொன்னீங்க, அவன் அழுகையை நிறுத்திட்டு போனையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான்."

மத்தியானம் அவர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மூடியைக் கழுவிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கினார்; எழுந்தபோதும் மூடி கிண்ணத்தில்தான் கிடந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"கண்ணை மூடிக்கிட்டே பேசினீங்க" என்றாள் மனைவி. "நான்தானே போனைப் பிடிச்சேன். நாம ஏன் தூக்கத்தைக் கெடுக்கணும்னு சும்மா இருந்துட்டேன்."

"மூடி இல்லாம நான் எப்படிப் பேச முடியும்?"

"போட்டிருந்திருப்பீங்க. இல்லேன்னா அவ்ளோ தெளிவா வருமா?" அவள் அதோடு விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. கிண்ணத்தை எடுத்து, உள்ளே கிடக்கிற தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதினொன்றும் போகவில்லை. பத்துதான்.

பல் டாக்டரம்மாவிடம் போனார். இருபது வருடமாக அவருக்கு வேலை அனுப்புகிறவள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நாற்காலியில் சாய்த்து, மூடியைக் கழற்றி, ஓட்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது கரண்ட்டோட வேலை. பதினோரு வருஷம் ஆயிடுச்சேன்னு நினைக்காதீங்க, அது உள்ள இன்னும் வேலை பாத்துக்கிட்டுதான் இருக்கும். தாடைச் சதை கயிறு மாதிரி இறுகுது. வெட்டி விடலாம்னா புண்ணு ஆறாது. உங்களுக்குத் தெரியாததா? சீக்கிரம் புது அச்சு எடுத்து, இன்னும் சின்னதா ஒரு மூடி செஞ்சுக்குங்க. ஒம்போதுக்குக் கீழ இறங்கிட்டா அப்புறம் அச்சுகூட எடுக்க முடியாது."

அவர் விரலால் மேலே காட்டினார். உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிற பாவனை.

"உள்ளயா? சுத்தமா இருக்கு. வழக்கமா பொருக்கு தட்டிக் கிடக்குமே, ஒண்ணுகூட இல்லை. யாரு அண்ணா உள்ள பூந்து பெருக்கி விடறது?" சிரித்தபடி விளக்கை இன்னும் உள்ளே நீட்டியவள் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"என்ன?" என்றார். ஙொய் என்றுதான் வந்தது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"ஒண்ணுமில்லை. வெளிச்சம் பட்டதும் உள்ள சதை இழுத்துக்கிச்சு." கையுறையைக் கழற்றிப் போட்டாள். "அந்தச் சதைக்கு உணர்ச்சியே இருக்கக் கூடாது. சரி விடுங்க, என் கைதான் ஆடியிருக்கும்."

மூன்றாம் நாள் காலை பத்து குச்சிகள் போயின. அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் மனைவி கடைக்குக் கிளம்பினதும் பட்டறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மூடியைக் கழற்றிவிட்டு அச்சு எடுக்க உட்கார்ந்தார்.

அச்சு எடுப்பது அவருக்குப் புதிது இல்லை. கரண்ட் பட்ட பள்ளம் வருடா வருடம் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் கோணும். பழைய மூடி உரசும், புதுசு செய்ய வேண்டும். வேறு யார் கையையும் அவர் தன் வாய்க்குள் விட்டதில்லை. இளஞ்சிவப்பு மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பாதியாக வெட்டிய கரண்டியில் வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி வாய்க்குள் செலுத்தி, மேலே பள்ளத்துக்குள் ஏறுகிற மாதிரி அழுத்தி, இரண்டு நிமிடம் பொறுத்து, மெல்ல உருவி எடுத்தார். உள்ளங்கையில் வந்து விழுந்தது, ஈரமாக, ஜில்லென்று, அந்தப் பள்ளத்தின் உருவம்.

மேல் முனையில் வழக்கம்போல மேடும் பள்ளமும். வழக்கம்போலக் கத்தியை எடுத்தார். உள்ளே பொருக்கு தட்டியிருக்கும், காற்றுக்குமிழ் மாட்டியிருக்கும், அதெல்லாம் அச்சில் பதியும். சீவித் தள்ளிவிட வேண்டும். பிறகு அக்ரிலிக்கில் வார்த்ததும் மிச்சமிருப்பதை மோட்டாரில் பிடித்து வழவழவென்று ராவிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் சதையைக் குத்தும். நீட்டியதையெல்லாம் ராவு என்பதுதான் தொழிலின் முதல் பாடம். பதினோரு வருடமும் அப்படித்தான் ராவினார்.

கத்தி அந்தரத்தில் நின்றது. உள்ளே பொருக்கு ஒன்றுகூட இல்லை என்று டாக்டரம்மா சொன்னாளே?

அப்படியானால் இந்த மேடெல்லாம் எதனுடையது?

வளையும் கழுத்துள்ள மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். முனைக்குச் சற்றுக் கீழே ஒரு பிளவு. பிளவின் கீழ்விளிம்பில், பக்கத்தில் பக்கத்தில், அரிசி நுனிபோல இரண்டு முனைப்புகள். முப்பது வருடம் பல்லோடு வாழ்ந்த கை அது. அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ்த்தாடை, முன்பக்கம், முதலில் முளைக்கிற ஜோடி.

பால்பல்.

மேல் தட்டில் செய்தித்தாள் சுற்றிப் பழைய பிளாஸ்டர் மோல்டுகள் இருந்தன. மூடி வார்க்கும்போது முதல் மோல்டு உடைந்துபோகும். அதனால் அச்சைச் சீவுவதற்கு முன்பே கைக்காவலுக்கு இரண்டாவதாக ஒன்று எடுத்து வைப்பது அவர் பழக்கம். பதினோரு வருடத்துக்குப் பதினொன்று, ஒவ்வொன்றிலும் பென்சிலால் வருடம் போட்டது. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். ரப்பர் பாலைக் கலந்து ஒவ்வொன்றிலும் ஊற்றினார். அவசரத்தில் பாதி மேசையில் சிந்தியது. இறுகப் பத்து நிமிடம். அதற்குள் மூடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் கவனித்தார். வலது காதில் ஏழு வருடமாக ஓயாமல் இருந்த ரீங்காரம் இல்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிற ஒன்று. மூச்சு. நம் மூச்சுதான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தார். பத்து எண்ணினார். இருபது எண்ணினார்.

அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

ரப்பர் உருவங்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். முதல் வருடத்தது வெறும் உருண்டை. மூன்றாவதில் ஒரு மடிப்பு. ஐந்தாவதில் இரண்டு குழிகள், சம தூரத்தில். ஏழாவதில் குழிகளுக்கு நடுவே ஒரு தண்டு, அதன் கீழே ஊசி கீறினது போல ஒரு கோடு. ஒன்பதாவதில் அந்தக் கோடு திறந்திருந்தது. பதினொன்றாவதில் இன்னும் திறந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் அவர் மோட்டாரில் பிடித்து ராவித் தள்ளியது இதைத்தான். தூசியாக ஊதிவிட்டது இதைத்தான்.

இன்றைய அச்சைக் கடைசியில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டாவது குச்சியை எடுத்தார். பதினொன்றாவதின் வாயில் அதை நுழைத்துப் பார்த்தார், போகவில்லை. இன்றையதின் வாயில் நுழைத்தார்.

கச்சிதமாகப் போயிற்று.

மனைவி பையோடு உள்ளே வந்தாள். "அடேயப்பா, இதென்ன பொம்மைக் கொலுவா, வரிசையா?" என்று ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "குட்டிப்பையனுக்கா? மூக்கைப் பாருங்க, அச்சு அசல் உங்க மூக்கு."

"கீழ வை அதை." அவர் குரல் உடைந்தது. "இது பொம்மை இல்லை. என் வாய்க்குள்ள இருந்து வந்தது. உள்ள என்னமோ இருக்கு. வளர்ந்துக்கிட்டு வருது. அதுக்கு வாய் திறக்கத் திறக்க எனக்கு மூடுது. நான் சொல்றது உனக்குப் புரியுதா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேகத்தைப் பாத்தாக்கூடத்தான் மூஞ்சி மாதிரி தெரியுது. மூணு நாளா குச்சி குச்சின்னு பைத்தியமா அலையறீங்க. காலைல முதல் வேலையா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்போ மூக்கைக் கழுவிட்டுக் கொஞ்சம் படுங்க, என் கண்ணுல்ல." அவளுடைய அன்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு அழுகையை வரவழைத்தது.

ஆறரைக்குக் குளியலறைக்குப் போனார். கழுவுவது தினப்படி வேலை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து வலது மூக்கில் அடித்தால், பள்ளத்தைச் சுற்றி அலசிக்கொண்டு இடது மூக்கிலும் வாயிலுமாகக் கொட்டும். இன்று அலசுவதாக இல்லை. இருப்பது எதுவானாலும் அடித்து வெளியேற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மூடியைக் கழற்றினார். கடைசிப் பல் உரசி, உதடு கிழிந்து, எப்படியோ வெளியே வந்தது. கிண்ணத்தில் போட்டார்.

முதல் சிரிஞ்ச். தண்ணீர் உள்ளே போனது. தொட்டியில் குனிந்து காத்திருந்தார்.

ஒரு சொட்டு வரவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. கை வலிக்க வலிக்க அழுத்தினார். நாலாவதும் உள்ளே போனது. தொட்டி உலர்ந்து கிடந்தது.

கேட்காத காதில் ஒரு சத்தம் கேட்டது. மடக். மடக். மடக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, வயிறு நிறைந்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் வருமே, அந்தச் சின்ன ஏப்பம்.

அவர் வாய்விட்டு அலறினார். ஙொய் என்று வந்தது.

மூடி. முதலில் மூடியைப் போட வேண்டும். பேச வேண்டும். கிண்ணத்திலிருந்து எடுத்து வாயில் வைத்தார். முன்பல்லில் இடித்தது. திருப்பி வைத்தார். இடித்தது. குச்சிக் கட்டை எடுத்தார். ஒன்பது போகவில்லை. ரப்பர் பேண்டைப் பிய்த்து எறிந்தார். எட்டு. போகவில்லை. குச்சிகள் தரையில் சிதறின. ஆறு. நாலு. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துத் தொங்கினார். ஒரு பல் நொறுங்கியது. இரண்டு. ஒன்று. ஒரே ஒரு குச்சி.

அதுவும் போகவில்லை.

கண்ணாடியில் அவர் முகம். பல்லோடு பல் சேர்ந்து, இறுகி. தச்சன் மரத்தைச் சேர்த்த மாதிரி.

"என்னங்க? என்ன சத்தம்?" மனைவி ஓடி வந்தாள். தரையில் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள், உதட்டு ரத்தத்தைப் பார்த்தாள். "ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!" கைத்தாங்கலாகக் கூடத்துக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் வாயைக் காட்டினார். கையை ஆட்டினார். ஙொய், ஙொய்.

"புரியலைங்க. எனக்கு ஒண்ணுமே புரியலையே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி ஏழு. போன் அடித்தது.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பதறிப்போய் ஆட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை. மகளிடம் சொல்லி அழ வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. ஸ்பீக்கரைப் போட்டாள். "அம்மா? அப்பா எங்கே?" என்றது மகளின் குரல்.

"இங்கதான்டா இருக்கேன்."

தெளிவான குரல். கணீரென்ற குரல். பதினோரு வருடத்துக்கு முன்னால் இருந்த அவருடைய குரல். அவர் பேசவில்லை. அவருடைய நாக்கு அசையவில்லை. குரல் அவருடைய வலது மூக்குத் துவாரத்திலிருந்து வந்தது. மேலுதட்டில் அதன் காற்று பட்டது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பொலபொலவென்று கண்ணீர். சந்தோஷத்தில். அவர் உதடு அசையாததை அவள் கவனிக்கவில்லை. பாதி முகம் மரத்துப்போன மனிதருடைய உதட்டை யார் பார்ப்பார்கள்?

"அப்பா! எவ்ளோ நல்லா பேசறீங்க! அம்மா ஏன் அழறாங்க?"

"அவ கிடக்கிறா. எதுக்கெடுத்தாலும் பயம்." குரல் சிரித்தது. அவருடைய பழைய சிரிப்பு, ஓவென்று. "அழாத. துணைக்குத்தான் நான் இருக்கேன்ல."

அவர் நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்தார். எழுத்து கோணிக்கொண்டு போனது. பேசுவது நான் இல்லை. மனைவியின் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். அவள் படித்தாள். புருவம் சுருங்கியது. அவரைப் பார்த்தாள், அவருடைய மூடிய வாயைப் பார்த்தாள். ஒரு நொடி. அந்த ஒரு நொடி அவள் கண்ணில் பயம் வந்தது. பார், இன்னும் பார், என்று அவர் உயிரெல்லாம் கெஞ்சியது.

"சும்மா எழுதினேன்" என்றது குரல். "பயந்துட்டியா?"

அவள் மூச்சை விட்டாள். தாளால் அவர் தோளில் செல்லமாக ஒரு அடி. "உயிரே போயிடுச்சுங்க. ஏய், உங்கப்பாவுக்கு இன்னிக்கு ஒரே குறும்பு, தெரியுமா?" பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி எட்ட வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் உருவப் பார்த்தார். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அடுத்த மாசம் டிக்கெட் போட்டாச்சு. குட்டிப்பையனோட வர்றோம்."

"வாங்க, வாங்க. வந்ததும் அவனை என் மடியில விட்டுடு. முகத்தோட முகம் வெச்சுக் கொஞ்சணும்." கொஞ்சம் நிறுத்தியது. "அவனுக்கு எத்தனை பல்லு முளைச்சிருக்கு?"

"ரெண்டுப்பா. கீழ ரெண்டு."

"எனக்கும் ரெண்டுதான்."

போனில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கூடம் முழுக்கச் சிரிப்பு. மூடிய பற்களுக்குப் பின்னால், இருட்டில், அண்ணத்து ஓட்டையிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கி வந்து அவருடைய நாக்கின் நுனியைக் கவ்வியது. வலிக்கவில்லை. புதிதாகப் பல் முளைத்த குழந்தை கையில் கிடைத்ததைக் கடித்துப் பார்க்குமே, அப்படித்தான் கடித்துப் பார்த்தது.